சி டிரைவில் எதுவும் வைக்காதவர்

அவருடைய கம்ப்யூட்டர் திரையில் திருச்செந்தூர் முருகனின் முகத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார். மற்ற இடமெல்லாம் ஐகான்கள். வேலின் மேல் மூன்று கரண்ட் பில், மயிலின் மேல் பேத்தியின் ஜாதகம், திருவடியில் வருமான வரி. சாமி முகத்தில் ஃபைல் வைக்கக் கூடாது என்பது அவராக வகுத்துக்கொண்ட ஆகமம்.

ஆள் யாரென்று தெரிந்திருக்கும். ஓய்வுபெற்ற அதிகாரி. அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் அல்லது குலதெய்வக் கோயில் திருப்பணிக் குழுப் பொருளாளர், பெரும்பாலும் இரண்டும். ஆபீஸில் ஃபைலை மேஜை மேலேயே வைத்துப் பழகிய கை. கண்ணுக்குத் தெரிவது பத்திரமாக இருக்கிறது, உள்ளே போனது தொலைந்துவிட்டது என்பது முப்பத்தைந்து வருட சர்வீஸ் தந்த ஞானம்.

ஒருநாள் காலையில் நீலத்திரை வருகிறது. அதில் ஒரு சோக முகக் குறி. அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்தான் வரும். "பண்றதையும் பண்ணிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறான் பாரு!" லிஃப்ட் பட்டனை அமுக்குவதுபோல பவர் பட்டனை அமுக்கிப் பார்ப்பார். பிறகு சர்வீஸ் பையன் வருவான். அவன் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று.

"சார், சி டிரைவ்ல முக்கியமானது ஏதாவது இருக்கா?"

அவர் நெஞ்சை நிமிர்த்துவார். "சி டிரைவ்ல நான் எதையுமே வைக்கிறதில்ல தம்பி. அது சிஸ்டத்துக்கு. என்னோடது எல்லாம் டெஸ்க்டாப்லதான்."

பையன் புதியவன். ஃபார்மட் அடித்துவிட்டான்.

டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள், யூசர்ஸ் ஃபோல்டரில், அவர் பேரிலேயே இருக்கும் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர். இதை அவரிடம் எடுத்துச் சொல்வது சாதாரண வேலையல்ல. "பேரு என்னோடது, இடம் அவனோடதா?" என்று பட்டா, சிட்டா பேசுவார். லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவில் பூட் செய்திருந்தால் விண்டோஸை எழுப்பாமலே எல்லாவற்றையும் வெளியே எடுத்திருக்கலாம். ஃபார்மட் அடிக்காமல் புது விண்டோஸை ஏற்றியிருந்தால்கூட பழையது ஒரு தனி ஃபோல்டரில் 10 நாள் கிடந்திருக்கும். அவர் குரலில் இருந்த உறுதி இரண்டையும் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது.

அவசரமாக அடிக்கும் ஃபார்மட்டில் ஃபைல்கள் உடனே அழிவதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் போகிறது. அதன்மேல் புது விண்டோஸ் வந்து உட்காரும் இடம் மட்டும் நிஜமாகவே போய்விடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால் மீட்பு மென்பொருள் கொஞ்சம் தோண்டி எடுத்தது. எஸ்எஸ்டியாக இருந்தால் காலி இடத்தைத் தானே துடைத்து வைத்திருக்கும்.

வந்தவை பெயரில்லாமல் வந்தன. எஃப் என்று தொடங்கி வெறும் எண்கள். மகள் கல்யாணப் படங்களோடு, என்றைக்கோ இணையத்தில் பார்த்த பிரஷர் குக்கர் படங்களும் கலந்து வந்தன. நன்கொடைப் பட்டியல் பாமினியில் அடித்தது. ஃபார்மட்டில் அந்த எழுத்துருவும் போய்விட்டதால் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நின்றது. "வைரஸ்" என்றார். எழுத்துருவைப் போட்டதும் சரியானது. அப்போதும் அவர் சந்தேகம் தீரவில்லை.

முன்ஜாக்கிரதையாக ஒரு பென் டிரைவில் காப்பி வைத்திருப்பதாகப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். திறந்தால் அத்தனை ஐகானிலும் ஓரத்தில் ஒரு குட்டி அம்புக்குறி. ஃபைலுக்குப் பதில் அவர் அதில் போட்டு வைத்தது ஷார்ட்கட்களை. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபி. "அவ்வளவும் ஒரு நிமிஷத்துல ஏறிடுச்சே, நல்ல பென் டிரைவ்னு நெனச்சேன்."

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1998இல் பிக்ஸாரில் யாரோ கொடுத்த ஒரு கட்டளையால் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி அழிந்தது, பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த காலின் சுஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது. நம்மவருக்கும் அப்படி ஒரு பிரதி இருந்தது. திருப்பணிக் கணக்கு முழுவதையும் மைத்துனருக்கு மெயிலில் அனுப்பியிருந்தார். மைத்துனரோடு பேச்சுவார்த்தை கிடையாது. "கணக்கு போனாலும் போகட்டும், அவன்கிட்ட போய் நிக்க மாட்டேன்" என்றவர், கடைசியில் மனைவியை விட்டுப் பேச வைத்தார்.

இப்போது திருந்திவிட்டார். 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, மீண்டதையெல்லாம் அதில் ஏற்றி, நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பேக்கப் உபதேசம் நடக்கிறது. பையனும் அன்றைக்கு வந்து பார்த்தான்.

"சூப்பர் சார். கம்ப்யூட்டர்ல இருக்கிறது?"

"அதான் டிஸ்க்ல ஏத்தியாச்சே. இங்க இருந்ததை எல்லாம் டெலிட் பண்ணிட்டேன். ஒரே சாமான் ரெண்டு எடத்துல எதுக்கு?"