உப்பு ஏறும் ஆறு

ஹோ சி மின் நகரம்,
சித்திரை மாதம்.

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

தினந்தோறும் கைபேசியில் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் கடிதம் எதற்கு என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். கைபேசியில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் ஆச்சி குறுக்கே வந்து, "சாப்பிட்டியாலே?" என்று கேட்டுவிடுகிறாள், மூன்றாவது வாக்கியத்தை நான் இதுவரை பூர்த்தி செய்ததே கிடையாது. ஆகையால் விருத்தாந்தம் கொஞ்சம் நீளமானது என்றால் காகிதமே உத்தமம் என்று தீர்மானித்தேன்.

மேகாங் நதியை இன்னும் பார்க்கவில்லையா என்று போன தடவை கேட்டீர்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பிரிகிற வடகாலின் தண்ணீர் வழியிலுள்ள குளங்களையெல்லாம் நிரப்பிவிட்டு, மிச்சமிருந்தால் கோரம்பள்ளம் குளத்துக்கும் வந்து சேரும் என்ற நம்பிக்கையிலேயே பால்யத்தைக் கழித்த ஒருவனுக்கு, பெரிய நதி ஒன்றைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இல்லாமல் போகுமா? நம் தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் ஓடுகிற தூரம் சுமார் 128 கிலோமீட்டர். இந்த மேகாங்கோ திபெத்துப் பீடபூமியில் புறப்பட்டு, சீனம், பர்மா, லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஆறு தேசங்களைத் தொட்டுக்கொண்டு, 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து, சமுத்திரத்தை நெருங்கும்போது ஒரே வாயால் அதை எதிர்கொள்வது தன் அந்தஸ்துக்குக் குறைவு என்று எண்ணியதுபோலப் பல கிளைகளாகப் பிரிந்துவிடுகிறது. முந்திரிப் பருப்பைத் தரம் பிரித்து ஏற்றுமதி செய்கிற எங்கள் ஆபீஸில் ஏப்ரல் 30-ஆம் தேதி விடுமுறை விட்டார்கள். 1975-இல் அன்றுதான் இவர்கள் யுத்தம் முடிந்தது. அந்த ஒரு நாளை நதிக்கு ஒதுக்கினேன்.

விடுமுறை என்றால் இந்நகரத்து ஜனங்களில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சொந்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஒரே வண்டியில் கணவன், மனைவி, நடுவில் இரண்டு குழந்தைகள், பின்னால் கட்டிய ஒரு மின்விசிறி, பக்கத்தில் தொங்கும் கூண்டுக்குள் இந்தப் பிரயாணத்தில் சற்றும் சிரத்தையில்லாத ஒரு கோழி. தீபாவளிக்கு முந்தின இரவு சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் பஸ்ஸில் ஏறிப் பழகியவனுக்கு இதெல்லாம் சாமானியம். நான் ஏறியது குளிர்சாதன வசதியுள்ள சுற்றுலா பஸ். ஹோ சி மின் நகரத்திலிருந்து மீ தோ என்ற ஆற்றங்கரை நகரம் சுமார் 70 கிலோமீட்டர். இந்தோசீனாவிலேயே முதல் ரயில் பாதையைப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது இதே வழியில்தான், 1885-இல். அதைப் பிற்பாடு 1950-களில் மூடிவிட்டார்களாம். மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல் என்பதையும், அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் வழிகாட்டிப் பையனிடம் அடக்கத்துடன் தெரிவித்தேன். அவனுக்கு அது முக்கியமாகப் படவில்லை.

அந்தப் பையனுக்கு வேறொரு கவலை இருந்தது. 2025 ஜூலையில் அரசாங்கம் மாகாணங்களையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து எண்ணிக்கையைக் குறைத்துவிட்டது. மீ தோ இருந்த மாகாணத்துக்கும், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பென் ட்ரே மாகாணத்துக்கும் இப்போது பெயரே இல்லை. மனப்பாடம் செய்த பேச்சில் பெயர் மாற்றும் இடம் வரும்போதெல்லாம் பையன் தடுமாறினான். 1986-இல் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து நம் தூத்துக்குடியைப் பிரித்தபோது நம்முடைய மாமாவும் விலாசம் எழுதும்போதெல்லாம் இப்படித்தான் பேனாவை நிறுத்தி யோசிப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிரித்தாலும் கஷ்டம், சேர்த்தாலும் கஷ்டம். தபால்காரனுக்கு மட்டும் எல்லாம் ஒன்றுதான்.

மீ தோ படகுத்துறையில் நின்று பார்த்தபோது, பால் அதிகமாக விட்ட டீயின் நிறத்தில், அக்கரை தூரத்தில் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும்படி ஆறு போய்க்கொண்டிருந்தது. இது மேகாங்கின் ஒரு கிளை மாத்திரமே, தியென் என்று பெயர் என்றான் பையன். சகபிரயாணிகள் எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நானோ, இவ்வளவு தண்ணீரும் எவ்விதக் கணக்கு வழக்கும் இல்லாமல், மடை திறப்பதற்கு மனுக் கொடுக்காமல், கடலில் போய்ச் சேர்கிறதே என்ற ஆற்றாமையில், சிறிது நேரம் படம் எடுக்கவே மறந்துபோனேன்.

ஆற்றின் நடுவே நாலு தீவுகள். முதல் தீவில் எங்களை உட்காரவைத்து, தேனும் சின்ன எலுமிச்சை ஒன்றின் சாறும் கலந்த தேநீர் கொடுத்தார்கள். இலவசம். பருகி முடித்த மறுகணம் தேன் பாட்டில்கள் வந்தன. அவை இலவசம் அல்ல. அப்புறம் ஒருவர் மலைப்பாம்பு ஒன்றைக் கொண்டுவந்து, தோளில் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆஸ்திரேலியா தேசத்து அம்மாள் ஒருத்தி உடனே அதைத் துண்டுபோல் தோளில் போட்டுக்கொண்டாள். பக்கத்து மேஜையில், முழுப் பாம்பையும், அதன் வாயில் ஒரு தேளையும் வைத்து ஊறப்போட்ட சாராய பாட்டில்கள் வரிசையாக நின்றன. மூட்டு வலிக்கு நல்லதாம். அண்ணாச்சி, தங்கள் மூட்டு வலி நினைவுக்கு வந்தது உண்மை. ஆனால் விமான நிலையத்தில் அதற்கு யார் சமாதானம் சொல்லுவது?

பிறகு ஆளுக்கொரு ஓலைக் கூம்புத் தொப்பியைத் தலையில் வைத்து, நாலு நாலு பேராக ஒடுக்கமான ஓடங்களில் ஏற்றி, கால்வாய் ஒன்றுக்குள் விட்டார்கள். முன்னால் ஒரு ஸ்திரீ, பின்னால் ஒரு ஸ்திரீ, இருவரும் பேச்சை நிறுத்தாமலே துடுப்புப் போட்டார்கள். இருபுறமும் சேற்றிலிருந்து நேரே ஓலைகள் கிளம்பி மேலே வளைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தன. மரம் எங்கே என்று தேடினால் மரமே இல்லை. அடித்தண்டு சேற்றுக்குள் கிடக்க, ஓலை மாத்திரம் வெளியே நிற்கிற ஒருவகைப் பனை அது. அதன் காய்கள் ஒரு கனத்த உருண்டையாகக் கொத்துச் சேர்ந்திருக்கின்றன. கரையேறியதும் ஒரு கிழவி ஒரு காயைக் கத்தியால் பிளந்து, உள்ளிருந்து வெள்ளையாக ஒன்றை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வாயில் போட்டேன். நுங்கு! சற்றுச் சின்னது, தண்ணீர் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை ஆயிரம் மைல் வந்து, பாஷை தெரியாத ஊரில், பனையேற்றம் இல்லாமல் நின்ற இடத்திலேயே நுங்கு வெட்டலாம் என்பதைக் கண்டபோது, நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நெஞ்சு காய்த்துப்போய்ப் பனையேறிய ஜனங்களை நினைத்து, விதி சில இடங்களில் மிகவும் பட்சபாதமாக நடந்துகொள்கிறது என்ற அபிப்பிராயம் எனக்கு ஏற்பட்டது.

அடுத்துப் போன பென் ட்ரே முழுவதும் தென்னை. பனங்காட்டுக்காரன் தென்னந்தோப்பைப் பார்த்து ஆச்சரியப்படலாகாது என்ற கௌரவத்தோடு நடந்தேன். மிட்டாய் செய்கிற கொட்டகையில் அது குலைந்துவிட்டது. தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் பெரிய வாணலியில் கெட்டியாகும்வரை கொதிக்கின்றன. அதை எடுத்து அச்சில் நீளநீளமாக வார்த்து, ஆறியதும் ஒரே அளவாக வெட்டுகிறார்கள். ஒரு பெண் அந்தத் துண்டுகளை, நாக்கில் வைத்தால் கரைந்துவிடுகிற அரிசி மாவுத் தாளில் முதலில் சுற்றி, அதன்மேல் சாதாரணக் காகிதத்தைச் சுற்றி, கை எதைச் செய்கிறது என்று கண்ணால் பாராமலே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் எதிரே ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி நாடகத்தில் இருந்தது. மாமியார் கோபமாகப் பேசும் கட்டம் போலும்; பாஷை தெரியாவிட்டாலும் எனக்கே விளங்கிற்று.

அடுத்த தீவில் ஒரு சாமியார் கதை. நிஜமாக வாழ்ந்தவர். நுயென் தான் நாம் என்று பெயர், 1910-இல் பிறந்தவர். பிரான்சு தேசத்துக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி, பிற்பாடு துறவறம் பூண்டு, தேங்காயையும் இளநீரையும் பிரதான ஆகாரமாகக் கொண்டதால் 'தென்னைச் சாமியார்' என்றே பிரசித்தி பெற்றவர். யுத்த காலத்தில் ஆற்றின் மேலேயே ஒரு மேடை கட்டி, டிராகன்கள் சுற்றிய தூண்களும் ராக்கெட் போன்ற ஒரு கோபுரமும் எழுப்பி, சுற்றிலும் குண்டு விழுந்துகொண்டிருக்க, இங்கே மட்டும் சமாதானம் என்று பிரகடனம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டாளத்துக்குப் போக விரும்பாத இளைஞர்கள் பலர் அவரிடம் வந்து அடைக்கலம் புகுந்தார்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கின் குமாரரும் அவரிடம் வந்து பழகியிருக்கிறார். பூனையையும் எலியையும் ஒன்றாக வளர்த்து, இவை இரண்டும் கூடி வாழும்போது மனுஷர்களால் முடியாதா என்று அவர் கேட்டதாகவும் சொல்லுகிறார்கள். இரண்டு தரப்பு அரசாங்கமும் அவரைச் சிறையில் வைத்தன என்பதிலிருந்து அவர் நியாயமாகத்தான் பேசியிருக்கவேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். 1990-இல் காலமானார். இப்போது அந்த மேடையைப் பார்க்க டிக்கெட் வாங்கவேண்டும்; வாசலில் இளநீர் விற்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு தோட்டத்து வீடு. மேஜைக்கு ஒன்றாக, செதிலோடு முழுசாகப் பொரித்த யானைக்காது மீன் ஒன்றை மரச்சட்டத்தில் நிமிர்த்தி நிறுத்திவைத்திருந்தார்கள். சதையைக் கிள்ளி, நனைத்த அரிசித் தாளில் இலைதழைகளோடு சுருட்டி, நெத்திலியும் உப்பும் மாதக்கணக்கில் ஊறி வடிந்த மீன் சாற்றில் தோய்த்துச் சாப்பிடவேண்டும். ருசியில் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் கடற்கரை ஜில்லாக்காரன் ஆற்று மீனை மெச்சினான் என்று ஊரில் தெரிந்தால் சாளை விற்கிற அக்காமார் என்னைத் தெருவில் நடமாட விடுவார்களா? ஆகவே நிதானமாகத் தலையை மாத்திரம் அசைத்துவைத்தேன்.

இனி, தாங்கள் உப்பளக் கணக்கு எழுதுகிறவர் என்பதால் முக்கியமாகச் சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீட்டுக் கூரையோரமாக ஆள் உயரத்துக்குச் சிமெண்ட் ஜாடிகள் வரிசையாக நின்றன. கூரைத் தண்ணீர் ஒரு தகரக் குழாய் வழியாக அவற்றில் இறங்குகிறது. மேலே மூடி, மூடிமேல் ஒரு செங்கல். வாசலிலிருந்து முப்பது அடியில் ஆறு கிடக்கும்போது மழைத் தண்ணீரை எதற்காக இப்படிப் பூட்டிவைக்கிறீர்கள் என்று கேட்டேன். பையன் மொழிபெயர்க்க, வீட்டுக்காரர் சொன்ன பதில் இது: கோடையில் இந்த ஆறு உப்பு.

ஆற்றின் மேற்பகுதியில் அணைகள் கட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டடம் கட்ட ஆற்று மணலை வாரிப் படுகையை ஆழமாக்கிவிட்டார்கள். இந்தச் சமவெளியோ கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர்கூட நிச்சயமில்லை. மழை பொய்த்த வருஷத்தில் ஆற்றின் வேகம் குறைந்த உடனே, சமுத்திரம் கிளைகள் வழியாக உள்ளே நடந்து வந்துவிடுகிறது. 2016-இல் வந்தது. 2020-இலும் வந்தது, அந்த வருஷம் ஐந்து மாகாணங்களில் நெருக்கடி நிலை அறிவித்து, ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு வெளியிலிருந்து குடிநீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பா லாய் என்ற ஒரு கிளையின் குறுக்கே மதகு கட்டிக் கடலைத் தடுத்துவைத்திருக்கிறார்கள். நம் ஸ்ரீவைகுண்டத்து அணைக்கட்டு தண்ணீர் வீணே கடலுக்குப் போகாமலிருக்க. இது கடல் வீணே உள்ளே வராமலிருக்க.

லிட்டருக்கு நாலு கிராம் உப்பு ஏறினால் நெற்பயிர் போச்சு என்று அந்த மனிதர் விரலை மடக்கிக் காட்டினார். அண்ணாச்சி, நாலு கிராம்! கடல் தண்ணீரிலேயே முப்பத்தைந்து கிராம் உண்டு. தாங்களோ அதற்கும் மேலான கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் பாத்தியில் விட்டு, உப்பின் அடர்த்தி காட்டும் மீட்டரை மிதக்கவிட்டு, இருபத்துநாலு டிகிரி வருகிறதா என்று வெயிலைப் பார்த்துக் காத்திருக்கிறவர். அவர் சொன்ன தண்ணீரைத் தங்கள் உப்பளத் தெப்பத்தில் விட்டால், இது எந்தக் குளத்துத் தண்ணீர் என்று ஆளைத் திட்டுவீர்கள். எங்கள் ஊரில் உப்பு விளையாவிட்டால்தான் அழுவோம், கோடை மழை ஒன்று பெய்தால் வாரிய அம்பாரமே கரைந்துபோகும் என்று நான் சொன்னேன். வீட்டுக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் உங்கள் அண்ணனை இங்கே வரச் சொல்லுங்கள், எங்கள் ஆற்றில் வருகிற உப்பை அவரே எடுத்துக்கொள்ளட்டும், மழையை இங்கே விட்டுவிடட்டும் என்றார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும், கோரம்பள்ளம் குளம் உடைத்துக்கொண்டதையும் அவருக்கு விஸ்தாரமாகச் சொல்லி, மழை விஷயத்தில் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்கவேண்டாம் என்று எச்சரித்தேன். பையன் இதை மொழிபெயர்த்தானா, அல்லது பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மாத்திரம் சொன்னானா என்பது தெரியாது; வீட்டுக்காரர் எழுந்து கைகுலுக்கினார்.

தங்கள் அபிப்பிராயத்தை எழுதவும். ஆற்றில் ஏறும் உப்பு வியாபாரத்துக்கு உதவாது என்றுதான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தங்கள் வாயால் கேட்டால் அவருக்கு எழுதிப்போட சௌகரியமாயிருக்கும். ஒரு டப்பா மிட்டாய் இரண்டு லட்சம் என்றார்கள். பயப்படவேண்டாம், ஒரு லட்சம் டாங் என்பது நமக்கு முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்தான். அடுத்த மாதம் ஊருக்கு வருகிற ஆபீஸ் சிநேகிதர் கையில் இரண்டு டப்பா கொடுத்தனுப்புகிறேன். அது பல்லைப் பிடித்து இழுக்கிற ஜாதி, ஆச்சியிடம் காட்டவேண்டாம். அவர் திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டியும் ஒரு கிலோ மக்ரூனும் கொடுத்துவிடுங்கள். தினம் டன் கணக்கில் முந்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தும், அதைப் பொடித்து முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து நம் ஊரில் செய்கிற அந்தப் பண்டத்தை இங்கே செய்யத் தெரிந்தவர் ஒருவரையும் காணோம். வழியில் நொறுங்கிவிடும் என்று மதினி சொல்லுவார்கள். நொறுங்கினால் பாதகமில்லை, கரண்டியால் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி.