பதினெட்டரையா, ஆறரையா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் பறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையம் சுமார் 15,300 கி.மீ. பறக்க ஏறக்குறைய பதினெட்டரை மணி நேரம். இது உங்கள் முழங்கால் சொல்லும் கணக்கு. கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால் இருப்பதால், நள்ளிரவில் ஏறினால் அங்கே காலை ஆறரைக்கு இறங்கிவிடலாம். சுவர்க் கடிகாரத்தைக் கேட்டால் வெறும் ஆறரை மணி நேரம்தான்!

ரொம்பச் சந்தோஷப்படாதீர்கள். மிச்சம் பிடித்ததையெல்லாம் திரும்பி வரும்போது பிடுங்கிக்கொள்வார்கள். வெள்ளி இரவு பத்தரைக்கு நியூயார்க்கில் கிளம்பினால், சிங்கப்பூர் சேர்வது ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு. சனி விலகத் திருநள்ளாறு போகிறவர்களே, இப்படியும் ஒரு வழி இருக்கிறது. டிக்கெட் விலைதான் பரிகாரம்!