ஏறாவூரில் ஏறியவை: இரு குருளைகள் பற்றிய இலக்கண, இடப்பெயர் ஆய்வு

ஏறாவூர் என்ற பெயருக்கு மட்டக்களப்புப் பக்கம் வழங்கும் விளக்கம் பலரும் அறிந்ததே. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் தோற்றோடிய திமிலர் திரும்பவும் ஏறி வந்துவிடாதபடி, முக்குவருக்குத் துணைநின்ற முஸ்லிம்கள் காவலிருந்த இடம். ஆகவே ஏறா ஊர். துரத்திப் போனவர்கள் வந்து களை ஆறிய மூலை வந்தாறுமூலை. சந்தித்த வெளி சந்திவெளி. வரலாற்றுக்காரர் இதை ஒப்புவாரோ மாட்டாரோ, இலக்கணக்காரருக்குப் பிணக்கில்லை. ஏறாத ஊர் என்பதில் கடைசி எழுத்துக் கெட்டு ஏறா ஊர் ஆயிற்று: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற இவ்வாய்வாளர், இந்த எதிர்மறையை நம்பித்தான் கடந்த ஆடி மாதம் இரண்டு நாய்க்குட்டிகளை வளவுக்குள் விட்டார்.

நாய்க்குட்டி என்பதைவிடக் குருளை என்பதே முறை. தொல்காப்பிய மரபியல், நாய், பன்றி, புலி, முயல் என்ற நான்கின் இளமைக்கும் குருளை என்று பெயர் வைத்திருக்கிறது. பறழ் என்றாலும் குட்டி என்றாலும் குற்றமில்லை. ஆனாலும் குட்டி என்பது முதலில் கீரிக்கும் வெருகுக்கும் எலிக்கும் அணிலுக்கும் உரிய சொல். அன்று சாயந்தரம் மனைவிக்கு இதை விளங்கப்படுத்தினேன். “இஞ்ச பாருங்க, உங்கட குருள குசினிக்க மூத்திரம் பேஞ்சிட்டு” என்றார். கலைச்சொல் ஒன்று இத்தனை விரைவாகப் பேச்சு வழக்குக்கு இறங்கியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒன்று ஆண், மற்றது பிணவு. ஒரே ஈற்றில் பிறந்தவை; சித்தாண்டியிலுள்ள மைத்துனி வீட்டிலிருந்து, பிரிக்கப் பாவம் என்ற காரணத்தால் சோடியாக வந்தவை. ஆணுக்கு ரைகர் என்று பெயர் வைக்கலாமென்றான் மகன். குருளைப் பட்டியலில் புலியும் நாயும் ஒன்றாகவே நிற்பதால் மரபுப்படி தடையில்லை. ஆனால் அந்தப் பெயரை வீதியில் நின்று உரத்துக் கூப்பிட முடியாத ஊரிலும் காலத்திலும் இருந்தவன் நான். பிறவுணி, சூட்டி என்று முடிந்தது.

ஆய்வின் முதற் சிக்கல் வெளியுலகம் பற்றியது. ஸ்கொட், புல்லர் என்ற இரு அமெரிக்கர் நாய்களின் நடத்தையைப் பல வருடம் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட பெரிய நூலொன்று உண்டு. குருளை பிறந்து மூன்றாம் கிழமைக்கும் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடையில் எதையெல்லாம் பழகுகிறதோ, அதையெல்லாம் பிறகு பயமின்றி ஏற்கும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. எங்களுடையவை எட்டாம் கிழமையில் வந்தன. மிச்சம் நான்கு கிழமை. அதற்குள் குடை, மோட்டார் சைக்கிள், தொப்பி போட்ட மதரசாப் பிள்ளைகள், அபாயா, வீதியில் தம் இஷ்டத்துக்குப் படுக்கும் மாடு, மதில் ஏறும் ஆடு, புகையிரத நிலையப் பக்கமிருந்து வரும் ரயில் கூவல் அத்தனையையும் காட்டி முடிக்க வேண்டும். கையில் ஒன்று, கக்கத்தில் ஒன்றாக விடியப்புறம் கேற்றடியில் நின்றேன். பாடத்திட்டத்தை முடிக்க நாள் போதாது என்று வாழ்நாள் முழுக்க அதிபர்களிடம் முறையிட்ட எனக்கு இந்த அவசரம் புதிதில்லை.

அங்கேதான் பக்கத்து வீட்டுக் காக்கா வந்தார். சுபஹ் தொழுகை முடிந்து வருகிறவர், ஐந்து முழம் தள்ளி நின்று, “என்ன சேர், உங்கட புள்ளயள் ரெண்டும் எழும்பிட்டா?” என்று கேட்பார். சூட்டி ஒருநாள் என் கக்கத்திலிருந்து நழுவி, மஃரிபுக்குப் போய்க்கொண்டிருந்தவரின் சாரத்தில் மூக்கை வைத்துவிட்டது. ஷாபி மத்ஹபின்படி நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீர். நான் வாளியும் மண்ணுமாக ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்.

குற்றவுணர்வில் அன்றிரவு புத்தகங்களைப் புரட்டி, மாலிக்கி மத்ஹபில் நாயைச் சுத்தமானதென்றே கொள்வதைக் கண்டுபிடித்து, அடுத்தநாள் காக்காவிடம் ஒப்புவித்தேன். “அது தெரியும் சேர். நாங்க ஷாபி” என்றார். ஓர் ஆய்வேடு இதைவிடச் சுருக்கமாக நிராகரிக்கப்பட்டதில்லை. காய்ந்த உடம்பு காய்ந்த துணியில் பட்டால் பாதகமில்லை, ஈரம்தான் கணக்கு என்றும் அவரே விளங்கப்படுத்தினார். எனவே ஈரமூக்கை இவ்வாய்வின் முதன்மை மாறியாகக் கொண்டேன். பின்னர் அதைக் கைவிட்டேன்: மூக்கு எந்நேரமும் ஈரமாகவே இருந்தது. இப்போது காக்கா வீதியின் மறுபக்கத்தால் போகிறார். வாவி மீன் வாங்கும் நாட்களில் மீன் தலைகளைப் பையில் கட்டி மகனிடம் கொடுத்து எங்கள் கேற்றுத் தூணில் வைப்பிக்கிறார்.

இரண்டாவது சிக்கல் பாண்கார ஓட்டோ. பேத்தோவன் 1810இல் எழுதி, அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து 1867இல் அச்சான ‘எலிஸுக்காக’ என்ற பியானோ இசை, இலங்கையின் ஒழுங்கைகளில் பாண் என்றே பொருள்படும். பவ்லோவ் நாய்களின் சமிபாட்டை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் தாளக்கருவியும் மின்மணியும் வைத்துச் செய்ததை எங்கள் வீட்டில் பேத்தோவன் செய்தார். மனைவி பாணின் கரையைப் பிய்த்துப் போட்ட மூன்றாம் நாள், ஓட்டோ சந்தி திரும்ப முன்னமே இரண்டும் வாயூறி, கழுத்தை நிமிர்த்தி ஊளையிடத் தொடங்கின. ஒன்று சுருதி பிடிக்க மற்றது பின்னால் சேரும். பவ்லோவ் குறித்து வைக்காத விளைவு ஒன்றும் உண்டு. பாண்காரர் ஊளையை அழைப்பாக எடுத்து வாசலில் நிறுத்தப் பழகிவிட்டார். நாங்களும் மரியாதைக்கு ஒரு கிம்புலா பனிஸ் வாங்கப் பழகிவிட்டோம். இந்தப் பரிசோதனையில் நாய் யார் என்பது திறந்த கேள்வி.

பல் பற்றிச் சுருக்கமாக. குருளைக்குப் பால்பல் 28; நாலாம் மாதமளவில் விழத் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் 42 முளைக்கும். இரண்டுக்கும் சேர்த்து 56 விழுந்து 84 எழ வேண்டும். இந்த இடைக்காலத்தில் எங்கள் வீட்டில் மறைந்த செருப்புகளின் தொகை சோடிகளில் எழுதக்கூடியதாக இல்லை, ஏனென்றால் எந்தச் சோடியும் சோடியாகப் போகவில்லை. கொய்யா மரத்தடியில் இரண்டும் கிண்டிய பள்ளத்தில் பாதி செருப்புகள் அகப்பட்டன. ஐயங்கேணி, மீராகேணி என்ற அயல்பெயர்களின் மரபில் அவ்விடத்துக்குச் செருப்புக்கேணி என்று பெயரிட்டேன். தண்ணீர்ப் பானையடியில் இரண்டும் ஓடிக் களைத்து வந்து படுக்கும் இடம் எங்கள் வந்தாறுமூலை. விறாந்தை முனையில் ஒன்றையொன்று மோதும் இடம் சந்திவெளி. எங்கள் வளவின் முழு இடப்பெயர்த் தொகுதியும் ஐந்து மாதத்தில் உருவானது.

செருப்பு யார் எடுத்தது என்பது தனிக் கேள்வி. ஒற்றை நாய் வளர்ப்பவருக்கு இந்தச் சட்டச் சிக்கல் விளங்காது. ஒன்று இருந்தால் குற்றவாளி அதுதான். இரண்டு இருந்தால் குற்றம் மட்டும் இருக்கும். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் உடந்தையாளியையும் தகுதியான சாட்சியாக ஏற்கிறது. எங்கள் உடந்தையாளி கேள்வி கேட்டதும் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகிறது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார் மனைவி, அதுவும் உதவாது. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், குற்றம் செய்தது போன்ற அந்தப் பார்வை குற்றத்தோடு ஒட்டியதில்லை, எசமானின் ஏச்சோடு ஒட்டியது என்று காட்டியிருக்கிறார். ஏசியவுடன் இரண்டும் குற்றவாளிகளாகிவிடுகின்றன. “ரெண்டில ஒண்டுதான்” என்பதே இவ்வீட்டு நீதிமன்றத்தின் நிரந்தரத் தீர்ப்பு.

இனி ஏறாமைக்கு வருவோம். விறாந்தை வரைக்கும் வரலாம். கதிரையில், கட்டிலில் ஏறக்கூடாது. இதுவே முதல்நாள் உடன்படிக்கை. அவை காலைத் தூக்கும்போதெல்லாம் “ஏறாத! ஏறாத!” என்று கத்தினேன். ஒவ்வொரு தரமும் துள்ளி ஏறின. பிடிவாதம் என்று பல கிழமை நினைத்திருந்தேன். பிறகு வெளித்தது: பிழை நாயில் இல்லை, தமிழில் இருக்கிறது. ஏறு என்றாலும் ஏறாதே என்றாலும் முதலில் வருவது ஏற்றம்தான். மறுப்பை நம் மொழி வினையின் வாலில் கட்டிவிட்டிருக்கிறது. ஏ என்ற நெடில் காதில் விழுந்த கணமே அவை கதிரையில் நிற்கின்றன. எதிர்மறை வந்து சேரும்போது பார்க்க யாருமில்லை. திமிலருக்கு ஊர்க்காவலர் என்ன சொல்லித் தடுத்தார்களோ தெரியாது. வினையைச் சொல்லியிருந்தால் இந்த ஊரின் பெயர் வேறாக இருந்திருக்கும். வினையை விட்டு “ம்ஹும்” என்று மூக்கால் மறுத்துப் பார்த்தேன். அது வேலை செய்தது. ஐப்பசி நடுவில் கதிரைகள் நான்கும் மீட்கப்பட்டன. இக்கட்டுரையை அந்த வெற்றியோடு முடித்து அச்சுக்கு அனுப்புவதாக இருந்தேன்.

கார்த்திகையில் மாரி பிடித்தது. விடிய விடிய மழை, விறாந்தைக்குள் சாரல். காலை ஐந்து மணிக்கு எழும்பி வந்து பார்க்கிறேன், என் சாய்மனைக் கதிரையில் பிறவுணியும் சூட்டியும் ஒன்றின் தலையில் மற்றது காலைப் போட்டு நித்திரை. அடியில் மனைவியின் பழைய சீலை.

“ஆர் ஏத்தினது?” என்றேன். இத்தனை மாதமும் ஏறின என்றே தன்வினையில் எழுதி வந்தவன், முதன்முதலாகப் பிறவினையில் கேட்டேன்.

மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே, “எனக்கென்ன தெரியும்? ரெண்டில ஒண்டு சீலய இழுத்திட்டு வந்திரிக்கும்” என்றார்.

சீலை நாலாக மடித்து, கரை உட்பக்கம் வைத்து விரித்திருந்தது.