காசு வேண்டாம், கையெழுத்து வேண்டும்

ராப் பாடுகிறவர்களுக்கு பீட்டை இலவசமாகக் கொடுக்கலாமா என்று புதிதாக பீட் போட வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். கொடுக்கலாம். நானும் நிறையக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 2007 வாக்கில் நான் கொடுத்த இலவசம் வேறு, இன்று என்னிடம் கேட்கப்படும் இலவசம் வேறு.

அப்பா மெல்லிசைக் குழுவில் டோலக் வாசித்தவர். ஆடி பிறந்தால் வடசென்னையில் தெருவுக்கொரு அம்மன் கோயில் கச்சேரி. அச்சாரம் கைக்கு வந்த பிறகுதான் அப்பா தேதியை நோட்டில் எழுதுவார். பாடுகிறவருக்குக் கூடுதல், வாசிக்கிறவருக்குக் குறைச்சல் என்ற வித்தியாசம் அன்றும் இருந்தது. ஆனாலும் தாளம் போட்டவரை வெறுங்கையோடு அனுப்பிய விழாக் கமிட்டியை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டு அரிசியும் என் பள்ளிக் கட்டணமும் அந்தத் தாளத்தில் வந்தவை.

அந்த வீட்டிலிருந்துதான் நான் காசு வாங்காமல் தாளம் போடத் தொடங்கினேன். 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் வந்திருந்தது. தமிழ் இவ்வளவு வேகமாக, இவ்வளவு மிடுக்காக ராப்பில் உட்காரும் என்று எங்கள் தெருப் பையன்களுக்கு அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. ஆளாளுக்கு நோட்டில் வரி எழுத ஆரம்பித்தார்கள். பாட ஆள் இருந்தது, பீட் இல்லை. என்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டரும் எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருளும் இருந்தன.

மொட்டை மாடி ஷீட் ரூமில் விடிய விடிய வேலை நடக்கும். பாடப்போகும் நண்பன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். “மச்சி, ஸ்னேர் லேட்டா விழுது” என்பான். “உன் வரியில ஒரு வார்த்தை அதிகம்டா” என்பேன் நான். அவன் மூச்சு வாங்கும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஹை-ஹேட்டை நிறுத்திவிட்டு பேஸை மட்டும் ஓட விடுவேன். ஒரு பாட்டு முடியும்போது எது அவனுடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடியாது. புரோட்டாவுக்கு அவன் காசு கொடுப்பான். மைக் வாங்கியபோது பாதிப் பணம் அவன் போட்டான். சிடியின் மேல் மார்க்கர் பேனாவால் இரண்டு பெயரையும் எழுதுவோம். கல்லூரி விழாவில் பாடக் கூப்பிட்டால், முதல் பாட்டுக்கு முன்பே மைக்கில் என் பெயரைச் சொல்வான்.

பாட்டிலிருந்து காசு வர அன்று வழியே இல்லை. ப்ளூடூத்தில் போனுக்குப் போன் தாவிய பாட்டுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? சல்லிக்காசு வராத அந்தக் காலத்தில் என் பங்கு எனக்கு முழுசாக வந்து சேர்ந்தது.

இன்று ஒரு பாட்டு எந்த ஊரில் எத்தனை முறை ஓடியது என்று ராத்திரியே பார்த்துவிடலாம். சட்டமும் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 2012-ல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை விற்றுவிட்டாலும், வாங்கியவரோடு சமமாகப் பகிர வேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுக்க முடியாது என்று எழுதிவைத்தார்கள். ஐபிஆர்எஸ் அமைப்பு 2017-ல் மறுபடி பதிவு பெற்று அந்தத் தொகையை வசூலித்துத் தருகிறது. நாங்கள் கனவிலும் நினைக்காத வசதிகள் இவை. இத்தனையும் வந்த பிறகுதான் பீட் போட்டவன் பாட்டிலிருந்து காணாமல் போகிறான்.

முகம் தெரியாத ஒருவர் இன்ஸ்டாகிராமில் எழுதுகிறார்: “அண்ணா, ஒரு பீட் ஃப்ரீயா அனுப்புங்க, பேர் போடுறேன்.” அவர் வரியை நான் கேட்டதில்லை, அவர் மூச்சு எங்கே வாங்குவார் என்று தெரியாது. அப்படிக் கேட்ட ஒருவருக்கு நான் ஒரு பீட் அனுப்பினேன். பாட்டு வெளிவந்து நன்றாக ஓடியது. என் பெயர் எங்கும் இல்லை. சில வாரம் கழித்து, அந்த பீட்டை முன்பே நான் வெளியிட்டிருந்த என் வீடியோவுக்கு காப்பிரைட் க்ளெய்ம் வந்தது. நான் போட்ட தாளம் அவருக்குச் சொந்தமாம்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டை வெளியிடும் நிறுவனத்தின் படிவத்தில், இணையத்தில் இந்த ஒலி எங்கே வந்தாலும் கண்டுபிடித்து உரிமை கோரவா என்று ஒரு கட்டம் இருக்கும். பாடியவர் அதில் டிக் போட்டுவிட்டால் போதும். குரலுக்கு அடியில் ஓடும் பீட்டையும் இயந்திரம் அவருடையதாகவே பதிந்துகொள்ளும். அதே பீட்டை வேறு நான்கு பேருக்குக் கொடுத்திருந்தால் அந்த நான்கு பாட்டுக்கும் இதே கதி. என்னிடம் பீட் வாங்கிய அந்தத் தம்பி திருடன் இல்லை. எங்களுக்குள் ஒரு வரி எழுத்து இருந்திருந்தால் அந்தக் கட்டத்தை அவர் தொட்டிருக்க மாட்டார் என்றே இன்றும் நம்புகிறேன்.

விலையை விடப் பெயர்ப் பட்டியல்தான் பெரிது என்பதற்கு ‘ஓல்டு டவுன் ரோடு’ பாட்டு நல்ல சாட்சி. நெதர்லாந்தில் யங்கியோ என்ற இளைஞர் இணையத்தில் விற்பனைக்கு வைத்திருந்த பீட்டை ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கி அதன் மேல் பாடினார். 2019-ல் அந்தப் பாட்டு பில்போர்டு ஹாட் 100-ல் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. பீட்டில் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் இசைத்துண்டு ஒன்று இருந்ததால், பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் யங்கியோவோடு அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 30 டாலரோடு கணக்கு முடிந்திருந்தால் அவர் இன்று யார்?

மறுபக்கத்தில் கிரெகரி கோல்மன் இருக்கிறார். தி வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர். 1969-ல் வந்த ‘ஆமென், பிரதர்’ பாட்டில் அவர் தனியாக வாசித்தது ஏறக்குறைய ஏழு விநாடிதான். அதை வெட்டி எடுத்து ஹிப்-ஹாப்பிலும் ஜங்கிள் இசையிலும் ஆயிரக்கணக்கான பாட்டுகள் செய்யப்பட்டன. அதிலிருந்து எதுவும் பெறாமலே 2006-ல் கோல்மன் இறந்தார். 2015-ல் பிரிட்டனில் ரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண்டு குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் விரல்கள்தான் கண்ணில் நிற்கின்றன.

ராப் பாடும் பிள்ளைகளின் நிலைமை எனக்குத் தெரியும். பகலெல்லாம் சாப்பாடு டெலிவரி செய்துவிட்டு ராத்திரி வரி எழுதுகிறவனிடம் முன்பணம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவனுக்கு பீட்டை சும்மா கொடுங்கள், கூடவே உட்கார்ந்து பாட்டையும் முடித்துக் கொடுங்கள். மேடைக்குக் கட்டணம் பேசி, விளம்பரமும் வாங்கிவிட்ட பிறகு “பேர் கிடைக்கும் ப்ரோ” என்கிறவரிடம் விலை சொல்லுங்கள்.

இரண்டு பேரிடமும் எழுதி வாங்குங்கள். உரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது நம் சட்டம். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் அதுவே சொல்கிறது. வக்கீல் தேவையில்லை. பீட் யாருடையது, ராயல்டியில் யாருக்கு எவ்வளவு, பெயர் எங்கே வரும், அந்த டிக் கட்டத்தை யாரும் தொடக் கூடாது என்பது என இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். பணம் தர முடியாத எந்தத் தம்பியாலும் கையெழுத்துப் போட முடியும். அதற்குத் தயங்குகிறவருக்கு பீட் அனுப்பாதீர்கள்.