தோல்வியே காணாத அணியின் ரசிகன் எழுதும் நன்றி மடல்

பெறுநர்: உயர்திரு நிர்வாகிகள், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், புது டெல்லி.

பொருள்: நடப்பு இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசனில் சென்னையின் எஃப்சி தோல்வியே காணாதிருப்பது – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா,

லீக் தொடங்கியிருக்க வேண்டிய செப்டம்பர் போய், அக்டோபர் போய், 2025 நவம்பரும் முடியப்போகிறது. இந்த நிமிடம் வரை எங்கள் அணி லீகில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. போன சீசனில் 13 அணிகளில் 11ஆவதாக வந்தவர்கள் நாங்கள். இந்த முன்னேற்றத்துக்குக் காரணம் புதுப் பயிற்சியாளரும் அல்ல, புது ஃபார்வர்டும் அல்ல. தாங்கள்தான்.

நவம்பர் 7ஆம் தேதி டெண்டர் கெடு முடிந்தபோதே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். நாட்டின் முதல்நிலை லீகை 15 ஆண்டுக்கு எடுத்து நடத்துங்கள், ஆண்டுக்கு முப்பத்தேழரைக் கோடி அல்லது வருவாயில் 5 சதவீதம், எது அதிகமோ அதைக் கொடுங்கள் என்றீர்கள். கடைசி நாளை இரண்டு நாள் தள்ளியும் போட்டீர்கள். விளக்கம் கேட்டு வந்தவர்கள் உண்டு. விலை சொல்ல ஒருவரும் இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர், ஓடாத மிக்ஸிக்குக்கூட ஒரு விலை சொல்லிவிட்டுத்தான் நகர்வார். பரவாயில்லை. சம்மேளனத் தலைவர் முன்னாள் கோல்கீப்பர். எதையும் உள்ளே விடக்கூடாது என்ற பழைய பழக்கம், டெண்டர் விஷயத்திலும் கை கொடுத்திருக்கிறது. கிளீன் ஷீட்!

எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்து டீக்கடையில் சனிக்கிழமை சாயந்தரம் கூடுகிறோம். நீல ஜெர்ஸி உண்டு, மேளம் உண்டு, சண்டையும் உண்டு. "நாலு பேக் வெச்சா லெஃப்ட்ல வாங்கிட்டே இருப்போம்டா" என்று ஒருவன் ஆரம்பிப்பான். "யாருகிட்டடா வாங்குவ? மேட்ச் எங்க?" என்பான் இன்னொருவன். "மேட்ச் வெச்சா சொல்றேன்." அதற்குமேல் அரை மணி நேரம் ஓடும். நடுக்கள வீரருக்கு வயதாகிவிட்டதா என்பதில் ஆரம்பித்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் அளவுக்குப் போய், டீ வந்ததும் அடங்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் பில்லின் பின்பக்கத்தில் ஒருவன் புள்ளிப் பட்டியல் போட்டான். எல்லோருக்கும் பூஜ்யம் ஆட்டம், பூஜ்யம் புள்ளி. எல்லாம் சமமென்றால் ஆங்கில எழுத்து வரிசைதானே? பெங்களூரு முதலிடம், சென்னையின் இரண்டாமிடம். போன சீசன் விதிப்படி, முதல் இரண்டு இடத்தில் முடிப்பவர்கள் பிளே-ஆஃப் தொல்லை இல்லாமல் நேராக அரையிறுதிக்குப் போகலாம். அதைவிடத் தித்திப்பு ஒன்று உண்டு. ஐ-லீகிலிருந்து இன்டர் காசி ஏறி வந்துவிட்டதால் கேரளா பிளாஸ்டர்ஸ் ஏழாமிடத்துக்கு இறங்கிவிட்டது. பிளே-ஆஃபுக்குப் போகும் ஆறு பேருக்குள்கூட இல்லை! ஆபீஸில் எனக்கு எதிர் சீட்டில் இருக்கும் பிளாஸ்டர்ஸ் ரசிகருக்கு உடனே போட்டோ அனுப்பினேன். பதில் இல்லை.

பெங்களூருவை எப்படி முந்துவது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. அணியின் பெயரை 'அடையாறு எஃப்சி' என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. பெங்களூருக்காரர்கள் காதில் விழுந்தால் அவர்களும் 'ஏ'யில் ஒரு பெயரைத் தேடுவார்கள் என்பதால், பெயர் மாற்ற விண்ணப்பத்தைத் தாங்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும்.

தோல்வியே காணவில்லை என்றேனே, கோவாவில் சூப்பர் கோப்பை நடந்ததே என்று கேட்பீர்கள். அக்டோபர் கடைசியில் மோகன் பகானிடம் 2-0, ஈஸ்ட் பெங்காலிடம் 4-0. அது வேறு போட்டி, லீகில் சேராது. நான் சொல்வதற்கு அதுவும் ஒரு சாட்சிதான்: ஆட்டம் என்று ஒன்றை வைத்தால் தோற்கிறோம். தேசிய அணியைப் பாருங்கள். ஆடப் போனார்கள், சிங்கப்பூரிடம் மட்காவில் விழுந்து ஆசியக் கோப்பை வாய்ப்பைத் தொலைத்தார்கள். மறுபடியும் ஆடப் போனார்கள். நவம்பர் 18 அன்று டாக்காவில் பங்களாதேஷிடம் 1-0. அதற்கு முன் அவர்களிடம் நாம் கடைசியாகத் தோற்றது 2003இல். 2025 நவம்பர் ஃபிஃபா தரவரிசையில் 142ஆம் இடம். வீட்டிலேயே இருந்திருந்தால் இந்த இறக்கம் உண்டா?

ஐயா, 2010இல் 700 கோடிக்கு வணிக உரிமை ஒப்பந்தம் ஒன்று போட்டீர்கள். 15 ஆண்டு. 2025 டிசம்பர் 8ஆம் தேதி முடிகிறது. அது முடியும் தேதி கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தெரியும். பதினைந்து வருஷம் ஐயா! ஜூலை 11ஆம் தேதி லீகை நிறுத்தி வைக்கிறோம் என்று அதை நடத்தும் நிறுவனத்திடமிருந்து கிளப்புகளுக்குக் கடிதம் வரும்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உச்ச நீதிமன்ற வழக்கு கையைக் கட்டிப்போட்டது என்பீர்கள். அந்த வழக்கு எதில் கிளம்பியது? சம்மேளனத் தேர்தலைத் தேசிய விளையாட்டு விதித்தொகுப்பின்படி நடத்தவில்லை என்பதில்தானே? அது 2017இல். ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது, பின்னாலேயே எங்கள் கிளப்பும் நிறுத்தியது. வியாசர்பாடி முல்லை நகரில் மண்ணில் ஆடும் பையன்களிடம், தனபால் கணேஷ் இங்கேயிருந்து போய்த்தான் 2018இல் ஐஎஸ்எல் கோப்பை வாங்கினான், நீயும் போவாய் என்று எந்த முகத்தோடு சொல்வது? போய் எங்கே ஆடுவான்? முப்பத்து மூன்றில் கால் ஓய்ந்துவிடும் தொழில் இது. அதில் முழுசாக ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டு அறிக்கை விடுகிறீர்கள்.

மன்னிக்கவும், டீ கொஞ்சம் ஸ்ட்ராங்காகிவிட்டது. நன்றிக் கடிதத்தில் இப்படிப் பேசலாகாது.

தங்கள் மேலான கவனத்துக்கு ஒரு யோசனை. மைதானத்தில் ஆடிச் சாம்பியனைத் தீர்மானிப்பது பழைய முறை என்பதைத் தாங்களே நிரூபித்திருக்கிறீர்கள். ஐ-லீக் பட்டத்தை ஏப்ரலில் சர்ச்சில் பிரதர்ஸுக்குக் கொடுத்தீர்கள். சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஜூலையில் அதை இன்டர் காசிக்கு மாற்றியது. ஐஎஸ்எல்லையும் அப்படியே நடத்திவிடலாமே. 11 வக்கீல்கள், 5 மாற்று வக்கீல்கள், சொந்த ஊரில் ஒரு வாய்தா, வெளியூரில் ஒரு வாய்தா. எங்கள் பக்கம் ஹைகோர்ட் வாசலிலேயே நல்ல பெஞ்ச் ஸ்ட்ரெங்த் இருக்கிறது. தோற்றாலும் மேல்முறையீடு உண்டு என்பதால், தோல்வியே காணாத எங்கள் சாதனைக்கு எந்தப் பங்கமும் வராது.

அது முடியாதென்றால் ஒரு அட்டவணையாவது அனுப்பி வையுங்கள். தேதி போட்டு, எதிரணி போட்டு, கிக்-ஆஃப் நேரம் போட்டு. ஜனவரியானாலும் சரி, ஏப்ரல் வெயிலானாலும் சரி, வந்து உட்கார்ந்து கத்துகிறோம். இரண்டாமிடத்தையும் விட்டுத்தரத் தயார். பழையபடி 11ஆவது இடத்துக்கே வருகிறோம்.

இப்படிக்கு,
லீகில் தோல்வியே அறியாத
ஒரு சென்னை ரசிகன்

பி.கு.: இதன் நகல் மின்னஞ்சலிலும் வரும். ஜூலையில் தேசியப் பயிற்சியாளர் வேலை கேட்டு சாவி, பெப் குவார்டியோலா பெயர்களில் வந்த மின்னஞ்சல்கள் போலி என்று தாங்களே பிறகு அறிக்கை விட்டீர்கள். இது போலி அல்ல, எழுதியது நான்தான். நானும் வேலை கேட்கவில்லை, மேட்ச்தான் கேட்கிறேன்.