மருந்து வெளிச்சமும் குடை வெளிச்சமும்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் என்றால் அது பட்டாசு மருந்திலிருந்து வருவது. விருதுநகரில் பஸ் ஏறித் திருத்தங்கல் தாண்டிச் சிவகாசியில் இறங்குவதற்குள், கம்பி மத்தாப்புக்கு அலுமினியப் பவுடர், பச்சை நிறத்துக்குப் பச்சை உப்பு என்கிற பேரியம் நைட்ரேட், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் என்று பக்கத்து சீட்டுப் பேச்சிலேயே பாதி வேதியியல் காதில் விழுந்துவிடும். வீட்டுக்கு ஓர் ஆளாவது தீப்பெட்டி ஆபீஸிலோ பட்டாசு ஆலையிலோ வேலை பார்த்த காலம் அது. அதனால்தான் எழுபதுகளில் ஒரு கல்யாண வீட்டில், தோளில் பேட்டரிப் பெட்டி தொங்க வந்த போட்டோக்காரர் ப்ளாஷ் அடித்ததும் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். வெளிச்சம் வந்துவிட்டதே, சத்தம் எங்கே என்று காத்திருந்தோம். அது வரவே இல்லை. உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் அந்த முதல் ப்ளாஷ் நினைவிருக்கும். கண்ணுக்குள் ஊதா வட்டம் மிதக்க, பந்தியில் இலை எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்திருப்பீர்கள்.

பிள்ளைகள் சத்தத்துக்குக் காத்திருந்ததில் நியாயம் இருந்தது என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1887-இல் ஜெர்மனியில் மீத்தேயும் கேடிக்கேயும் செய்த ப்ளாஷ் பவுடரில் மெக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆண்டிமனி சல்பைடும் கலந்திருந்தன. குளோரேட் நம் தீக்குச்சியின் தலையில் இருப்பது; ஆண்டிமனியும் தீப்பெட்டித் தொழிலுக்கு அந்நியமில்லை. 1922-இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுவரக் கல்கத்தாவுக்குப் போன நாளில், உலகத்துப் புகைப்படக்காரர்கள் இன்னும் மருந்தைத் தட்டில் கொட்டிப் பற்றவைத்து, அறை முழுக்கப் புகையும் சில சமயம் கையில் கொப்புளமுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1929-இல் எரிகிற வெளிச்சம் கண்ணாடிக் குமிழுக்குள் அடங்கி ப்ளாஷ் பல்பு ஆயிற்று. பிறகு எட்கர்ட்டன் என்கிற அமெரிக்கப் பேராசிரியரின் கைவண்ணத்தில் மருந்தே வேண்டாம், செனான் வாயுவும் மின்சாரமும் போதும் என்று ஆயிற்று. அண்ணன் தம்பியாகப் பிறந்த இந்த வெளிச்சங்களில் ஒன்று சிவகாசியில் தங்கிவிட்டது, இன்னொன்று ஸ்டுடியோவுக்குக் குடிபோய்விட்டது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் ஊர் ஸ்டுடியோவில் அப்போது ப்ளாஷ் கிடையாது, பல்புதான். தகரக் கூண்டுக்குள் ஐந்நூறு வாட் பல்பு. முகத்துக்கு ஒன்று, எதிர்ப்பக்கத்து நிழலைக் கரைக்கக் கொஞ்சம் தள்ளி ஒன்று, தலைமுடியின் ஓரம் மினுங்கப் பின்னாலிருந்து சின்னதாக ஒன்று. உள்ளே நுழைந்ததும் ரசம் போன கண்ணாடி, நூலில் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா, ஊரில் பாதிப் பேர் போட்டுக் கழற்றிய ஒரே கோட்டு. திரையில் மாடிப்படியும் தூணும் நிலாவும் வரைந்திருக்கும். விருதுநகர் வெயிலில் நடந்து வந்து அந்தப் பல்புகளுக்கு எதிரே உட்கார்ந்தால், பூசிய பவுடர் பத்தே நிமிஷத்தில் கோடு கோடாக இறங்கும். "தாடையக் கொஞ்சம் இறக்குங்க அண்ணாச்சி... ஆங், அப்படியே" என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோக்காரர் கருப்புத் துணிக்குள் போவார், அவர் வெளியே வரும்வரை குடும்பமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். அரை விநாடி, கால் விநாடி என்று திறந்துவைத்த காலத்தில் அசைந்தவன் முகம் கலங்கிப்போகும். நம் தாத்தா பாட்டிகள் எல்லாப் படத்திலும் ஏன் அத்தனை கம்பீரமாக இருக்கிறார்கள் என்றால், சிரிப்பை அத்தனை நேரம் நிறுத்திவைக்க யாராலும் முடியாது என்பதும் ஒரு காரணம்.

அந்தப் பல்புகளின் பெருமையைச் சொல்ல ஜடைப் படம் ஒன்று போதும். பெரிய மனுஷியான பெண்ணுக்குப் பூ வைத்துத் தைத்த ஜடை. அம்மாவும் அத்தைமாரும் காலையிலிருந்து உட்கார்ந்து தைத்தது. முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்கும் ஜடையும் நுனிக் குஞ்சலம்வரை தெரிய வேண்டும். அதற்காகப் பின்னால் ஓர் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்துவார்கள். கண்ணாடி ஜடையைக் காட்டும், கூடவே பல்பையும் காட்டிவிடும். ஸ்டுடியோக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்து, உதவிக்கு நின்ற பையனிடம் "இன்னும் ஒரு சாண் இடது... உசத்து... போதும்" என்று விளக்கை நகர்த்தச் சொல்லிச் சொல்லி, கண்ணாடியிலிருந்து அந்த மஞ்சள் பிழம்பு நழுவி மறைந்து, மல்லிகையின் ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரியும்வரை விடமாட்டார். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, "தாயி, இப்ப என்னப் பாரு" என்பார். படத்தில் என்ன விழப்போகிறது என்பதை எடுப்பதற்கு முன்பே எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்ட சந்தோஷம் அந்த அறையில் இருக்கும். ப்ளாஷ் கொண்டுபோன சின்னச் சின்ன இன்பங்களில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்து மறையும் வெளிச்சம் கண்ணாடியில் எங்கே பட்டது என்பது, பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். அதற்குள் பூ வாடிவிடும்.

ஆனாலும் ப்ளாஷ் வந்தே தீரவேண்டியிருந்தது, வரவழைத்தது கலர். கலர் பிலிம் பெரும்பாலும் பகல் வெளிச்சத்துக்குச் செய்யப்பட்டது. பழைய பல்பில் எடுத்தால் மாப்பிள்ளை மஞ்சள் காமாலை கண்டவர்போல் விழுவார். எண்பதுகளில் வெள்ளைக் குடையோடு ஸ்டுடியோ ப்ளாஷ்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோது, குடை லைட் என்றே பேரும் வந்துவிட்டது. குடைக்குள் அடித்துத் திரும்பி வரும் வெளிச்சம் முகத்தின் மேடுபள்ளங்களை மெழுகிவிட, மக்களுக்கு அது உடனே பிடித்தது. அதற்கு அவர்கள் கண் முன்பே பழகியிருந்தது என்பது என் எண்ணம். கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, நாடெங்கும் சுவரில் தொங்கிய காலண்டர் சாமிகளின் முகத்தில் எந்தப் பக்கத்திலும் கரிய நிழல் கிடையாது. தினமும் காலையில் கும்பிட்ட அந்த முகத்தின் ஒளி தன் மகள் முகத்திலும் கிடைக்கும் என்றால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? வேர்வை போயிற்று. கைக்குழந்தை துள்ளினாலும் துள்ளியபடியே உறைந்து நின்றது. ஊர் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தது. இது பெரிய வரவு, மறுக்கக் கூடாது. ஆனாலும் 2012-இன் மின்வெட்டு நாட்களில் ப்ளாஷ் சார்ஜ் ஆக நெடுநேரம் பிடிக்க, மறுபடி எல்லோரும் அசையாமல் காத்திருந்ததும் உண்டு.

இப்போது என் அக்கா மகன் வீட்டு முன்னறையிலேயே ஸ்டுடியோ வைக்கப்போகிறான். "மாமா, ப்ளாஷுக்கு 200 ஜூல் போதுமா, 400 வாங்கணுமா?" என்று செல்போனில் விலைப்பட்டியலை நீட்டுகிறான். சீனத்து கோடாக்ஸ் தொடங்கி எத்தனையோ பெயர்கள், வயரில்லாமல் தூரத்திலிருந்தே கூட்டிக் குறைக்கிற வசதி. எங்கள் ஸ்டுடியோக்காரர் வாழ்நாளெல்லாம் மூன்று பல்போடு மல்லுக்கட்டியவர். இதைப் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். "முதல்ல ரூமை அளந்துட்டு வா மருமகனே" என்றேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, வெள்ளைச் சுவர், தாழ்ந்த கூரை. அங்கே எவ்வளவு கூட்டலாம் என்பதைவிட எவ்வளவு குறைக்கலாம் என்றுதான் பார்க்க வேண்டும், 200 தாராளம். நாலடியில் நிற்கும் விளக்கை எட்டடிக்குத் தள்ளினால் வெளிச்சம் கால்பங்காகும், ஆகவே பக்கத்தில் வைத்தால் சின்ன ப்ளாஷும் பெரிய வேலை செய்யும், பின்சுவரும் தானே இருளும். அந்த வெள்ளைச் சுவர்களில் குடை வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். பெட்டி மாதிரியான சாஃப்ட் பாக்ஸ் நல்லது, எதிர்ச்சுவரில் ஒரு கருப்புத் துணி. வெளிச்சம் எங்கே விழும் என்று முன்பே காட்டுகிற மாடலிங் பல்பு நடுவில் இல்லாத ப்ளாஷை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே என்றேன். அந்தச் சின்னப் பல்பில்தான் ஜடைப் படக் கண்ணாடியின் பழைய இன்பம் மிச்சமிருக்கிறது.

இன்னொன்றையும் சொன்னேன், கொஞ்சம் கோபமாகவே. எங்கள் கரிசல் காட்டு மாநிறத்துக்கு அழகே மினுமினுப்பில் இருக்கிறது. பெரிய விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் கன்னத்தில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு கோடு ஒளிரும். அதை நேரே அடித்து வெளுக்கவைத்து, போதாததற்குக் கம்ப்யூட்டரில் இன்னும் வெளுக்கவைப்பது அந்த முகத்துக்குச் செய்கிற அநியாயம். அந்தக் காலத்திலும் நெகட்டிவில் பென்சிலால் தொட்டு 'கலராக்கி'க் கொடுத்தார்கள், அதுவும் தவறுதான். ஆனால் பென்சில் பிடித்தவர் ஒவ்வொரு முகத்தோடும் மணிக்கணக்கில் உட்கார்ந்தார், மச்சம் எது பரு எது என்று தெரிந்துவைத்திருந்தார்.

பழைய ஸ்டுடியோக்கள் மூடியபோது நெகட்டிவ்களில் பலவும் அவற்றிலிருந்த வெள்ளிக்காக எடைக்குப் போயின. தப்பிய சிலவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தேடிப்பிடித்து எண்மமாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இன்று எடுக்கிற ஆயிரம் படமும் செல்போனோடு தொலைகிறது. நாட்டுக்கே காலண்டரும் டைரியும் அச்சடித்துக் கொடுக்கிற ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு, நம் வீட்டு முகங்களை நாம் அச்சிடுவதில்லை. விளக்கு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். மிச்சப்படுகிற பணத்தில், எடுத்ததில் நல்லதாக ஒன்றை அச்சுப்போட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயரும் ஊரும் தேதியும் எழுதி வையுங்கள்.