வாரண்டி எதுவரை?

கே: புதுக் கார் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. பவர் விண்டோ இறங்கவில்லை. வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியதால் வாரண்டியே போய்விட்டது என்கிறார்கள் ஷோரூமில். சரியா?
– வாசகர், துவாக்குடி

ப: எஞ்சினில் ஊற்றிய ஆயில் கதவுக் கண்ணாடி வரை ஏறாது! 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் தெளிவாகவே உத்தரவிட்டது: வெளியே பழுது பார்த்தார் என்பதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வேலையால் எது கெட்டதோ அதற்கு மட்டும் மறுக்கலாம். ஆகவே மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். வாய் சொல்வதைப் பேனா பெரும்பாலும் சொல்லாது. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேலே திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் தரலாம்.

ஆனால் கிளட்ச், பிரேக் பேட், வைப்பர் எல்லாம் தேய்மானக் கணக்கு. அவற்றுக்குச் சண்டை போடாதீர்கள். வாரண்டியில் 'இரண்டு வருஷம் அல்லது 40,000 கி.மீ., எது முந்துகிறதோ அது' என்றிருந்தால், தினமும் தஞ்சாவூர் போய்வருகிறவருக்கு கிலோமீட்டர்தான் முந்தும். டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் அவற்றைச் செய்த கம்பெனியே பொறுப்பு. அவற்றின் வாரண்டி அட்டைகளைத் தனியாக வாங்கி வையுங்கள்.